குழந்தைகளின் உயிர் காக்க 190 மைல் சைக்கிள் பயணம்!

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் அதிசயம் நடக்கிறது.

மாசசூசெட்ஸ் என்பது அந்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு மாநிலம். பாஸ்டன் அதன் தலைநகரம். அந்த மாநிலத்தின் நடுப்பகுதியில் ஸ்டர்பிரிட்ஜ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. சனிக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே அந்த ஊரில் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கின்றன. கல்லூரி மாணவர் வருகிறார். கம்பெனி முதலாளி வருகிறார். பேரன் பேத்தி எடுத்த தாத்தா வருகிறார், பாட்டியும் வருகிறார்!

விடிந்ததும் புறப்படுகிறார்கள். அன்று முழுவதும் மிதிக்கிறார்கள். இரவு ஓரிடத்தில் தங்குகிறார்கள். மறுநாள் மீண்டும் மிதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குள் நீண்டிருக்கும் நிலத்தின் நுனியில் உள்ள பிராவின்ஸ்டவுன் என்ற ஊரில் போய் இறங்குகிறார்கள்.

மொத்தத் தூரம் ஏறக்குறைய 190 மைல். நம் கணக்கில் 300 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சைக்கிளில் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பந்தயம் அல்ல

இது பந்தயமா? இல்லை. முதலில் வந்தவருக்குக் கோப்பை உண்டா? கிடையாது. கடைசியில் வந்தவரைக் கேலி செய்வார்களா? அதுவும் கிடையாது.

பிறகு எதற்காக இந்தப் பாடு?

புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்காகவும் பெரியவர்களுக்காகவும்.

சைக்கிளில் ஏறும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஒரு வாக்குறுதி கொடுக்கிறார். "இத்தனை ஆயிரம் டாலர் வசூல் செய்து தருகிறேன்" என்பதே அந்த வாக்குறுதி. உற்றார் உறவினரிடம் கேட்கிறார். உடன் வேலை செய்பவர்களிடம் கேட்கிறார். அடுத்த வீட்டுக்காரரிடமும் கேட்கிறார். சொன்ன தொகை சேரவில்லை என்றால் என்ன ஆகும்? மீதியைத் தன் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். அந்தக் கண்டிப்புக்குச் சம்மதித்த பிறகே சைக்கிளில் ஏறலாம்.

இந்தப் பயணத்தின் பெயர் "பான்-மாஸ் சேலஞ்ச்". மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் சவால் என்று பொருள்.

சைக்கிள் மிதித்தால் நோய் தீருமா என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தெரிய வேண்டுமானால், 1947-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

கைவிட்ட நோய்

அந்தக் காலத்தில் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால், டாக்டர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மருந்து கிடையாது. அறுவை சிகிச்சைக்கும் வழி கிடையாது. ரத்தத்தைப் போய் எங்கே அறுப்பது? நோய் கண்ட சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் குழந்தை இறந்துவிடும். பெற்றோரிடம், "வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கேட்டதை வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பாஸ்டன் நகரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே சிட்னி பார்பர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் வேலை, இறந்த குழந்தைகளின் உடலைச் சோதித்து, எதனால் இறந்தார்கள் என்று கண்டுபிடிப்பது. பல ஆண்டுகள் அதையே செய்து வந்தவருக்கு ஒரு நாள் மனம் திரும்பியது. இறந்த பிறகு காரணம் தேடுவதைவிட, இருக்கும்போதே காப்பாற்ற வழி தேடினால் என்ன?

அவர் ஒன்றைக் கவனித்தார். போலிக் அமிலம் என்று ஒரு சத்து உண்டு. கீரையில் இருப்பது. உடலில் புதிய அணுக்கள் உண்டாக அது வேண்டும். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அந்தச் சத்தைக் கொடுத்தபோது, நோய் குறையவில்லை. மாறாக, வேகமாக வளர்வதுபோலத் தோன்றியது!

பார்பர் யோசித்தார். இந்தச் சத்தைத் தின்றுதான் நோய் வளர்கிறது என்றால், இந்தச் சத்தைத் தடுத்துவிட்டால் நோய் பட்டினி கிடந்து சாகுமே! தடுப்பதற்கு ஒரு மருந்து வேண்டும். அதை யார் செய்து தருவது?

சென்னையில் படித்தவர்

செய்து தந்தவர் ஓர் இந்தியர். சென்னையில் படித்தவர்!

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சென்னை வந்து இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நடந்த காலம். சுப்பாராவ் கதர் அங்கி அணிந்துகொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நன்றாகத் தேர்வு எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள்.

சுப்பாராவ் கலங்கவில்லை. 1923-ம் ஆண்டு பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். பின்னர் 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். அவரும் அவரைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அதே போன்ற தோற்றம் உள்ள, ஆனால் அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் செய்தார்கள். அவற்றில் ஒன்று அமினாப்டெரின்.

அரிசியில் கலந்த கல்

அமினாப்டெரின் எப்படி வேலை செய்கிறது? வீட்டு உதாரணத்திலேயே சொல்லலாம்.

அரிசியில் வெள்ளைக் கல் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அரிசி என்றே நினைத்து உலையில் போட்டுவிடுவோம். வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் பல் உடையும். அதைப்போல, நோய் அணு இந்த மருந்தைச் சத்து என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் மருந்து அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. நோய் அணு பெருக முடியாமல் அழிகிறது.

1947-ம் ஆண்டின் இறுதியில் பார்பர் இந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ம் ஆண்டு ஜூன் மாதம் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 குழந்தைகளுக்குக் குணம் தெரிந்தது! படுக்கையில் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தது, நடந்தது, விளையாடியது.

ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. இருந்தாலும் ஓர் உண்மை தெரிந்துவிட்டது. இந்த நோயை மருந்தால் அடிக்க முடியும்! இன்னும் நல்ல மருந்து வேண்டும். இன்னும் ஆராய்ச்சி வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

சுப்பாராவ் அதன் பலனைப் பார்க்க இருக்கவில்லை. அதே 1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 53-வது வயதில், தூக்கத்திலேயே காலமானார். அவருடைய குழுவினர் செய்த மற்றொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட், இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. உலகம் முழுவதும்!

"ஜிம்மி" கேட்ட டெலிவிஷன்

பணத்துக்கு என்ன வழி? பார்பரும் அவருடைய நண்பர்களும் யோசித்தார்கள். அப்போது ஆஸ்பத்திரியில் 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வயிற்றில் புற்றுநோய். உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பேஸ்பால் விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர்.

1948-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி. ரால்ப் எட்வர்ட்ஸ் என்பவர் நடத்திய புகழ்பெற்ற ரேடியோ நிகழ்ச்சியில் அந்தப் பையனைப் பேச வைத்தார்கள். அவன் படுக்கையில் இருந்தபடியே பேசினான். உண்மைப் பெயரைச் சொல்லாமல் "ஜிம்மி" என்று அழைத்தார்கள். உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டார்கள். அவன் ஒவ்வொரு பெயராகச் சொன்னான். பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் நுழைந்தார்கள்! பையனின் மகிழ்ச்சியை நாடே கேட்டது.

"ஜிம்மி பந்தாட்டத்தைப் பார்க்க ஒரு டெலிவிஷன் வேண்டும். 20 ஆயிரம் டாலர் சேர்ந்தால் வாங்கித் தருவோம்" என்று ரேடியோவில் அறிவித்தார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? மக்கள் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து காசு கொடுத்தார்கள். தபாலில் நாணயங்கள் வந்து குவிந்தன. "ஜிம்மி, பாஸ்டன்" என்று மட்டும் எழுதிய கடிதங்களும் வந்து சேர்ந்தன. சினிமாக் கொட்டகைகளில் உண்டியல் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். அந்த ஆண்டு சேர்ந்த தொகை 2 லட்சத்து 31 ஆயிரம் டாலருக்கு மேல்!

ஜிம்மிக்கு டெலிவிஷன் கிடைத்தது. "ஜிம்மி நிதி" பிறந்தது. 1952-ல் அந்தப் பணத்தில் ஆராய்ச்சிக் கட்டடமும் எழுந்தது. அதுவே வளர்ந்து, இன்று டானா-பார்பர் புற்றுநோய்க் கழகம் என்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

இறக்காத ஜிம்மி

ஜிம்மி என்ன ஆனான்? அவன் இறந்திருப்பான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஏனென்றால், அந்தக் காலத்தில் புற்றுநோய் வந்த பிள்ளை பிழைப்பது மிக அரிது.

50 ஆண்டுகள் போயின. 1998-ம் ஆண்டு ஒருவர் ஊருக்கு முன் வந்து நின்றார். பெயர் எய்னார் கஸ்டாப்சன். லாரி ஓட்டிப் பிழைத்தவர். பேரக்குழந்தைகள் உள்ளவர். "நான்தான் அந்த ஜிம்மி" என்பதை உலகம் அறிந்துகொண்டது! அவர் 2001-ம் ஆண்டில், 65-வது வயதில் காலமானார்.

தாயை இழந்த மகன்

சைக்கிள் பயணத்தைத் தொடங்கியவர் பில்லி ஸ்டார். அவருடைய தாய் 1974-ம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். வயது 49தான். தாயை இழந்த மகனுக்கு மனம் ஆறவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு வேலை, நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பது. அதையே தாயின் நினைவுக்காகச் செய்வது என்று தீர்மானித்தார்.

1980-ம் ஆண்டு. பில்லி ஸ்டாரும் அவருடைய நண்பர்களுமாக 36 பேர். ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரை 220 மைல் மிதித்தார்கள். வசூல் 10 ஆயிரத்து 200 டாலர். அதை ஜிம்மி நிதிக்குக் கொடுத்தார்கள்.

அத்துடன் விட்டிருந்தால் அது ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும். அவர்கள் விடவில்லை. அடுத்த ஆண்டும் மிதித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டும் மிதித்தார்கள். 36 பேர் நூற்றுக்கணக்கானவர்கள் ஆனார்கள். நூறுகள் ஆயிரங்கள் ஆயின. இன்று 6 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். எல்லோராலும் 190 மைல் போக முடியுமா? முடியாதவர்களுக்குக் குறைந்த தூரப் பாதைகளும் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகள் மூன்று சக்கர சைக்கிளில் வட்டமிட்டு நிதி திரட்டும் குட்டிப் பயணங்களும் தனியே நடக்கின்றன!

சாலையோரத்தில் குழந்தைகளின் படங்கள்

முதல் நாள் பாதை கடினமானது. ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தொடை இறுகும், தோள் வலிக்கும், உட்காரும் இடம் கொதிக்கும். வழியில் ஆங்காங்கே தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். வாழைப்பழம், ரொட்டி, தண்ணீர் எல்லாம் கிடைக்கும். சைக்கிள் பழுதானால் சரிசெய்து கொடுக்க ஆள் இருக்கும். இந்த வேலைகளைச் செய்பவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை.

பகல் கடந்து களைத்துப்போகும் நேரத்தில் லேக்வில் என்ற ஊர் வருகிறது. அங்கே சாலையோரம் பெரிய பெரிய படங்கள் வைத்திருக்கிறார்கள். தலைவருடைய படமா? நடிகருடைய படமா? இல்லை. சின்னக் குழந்தைகளின் படங்கள்!

அவர்கள் ஜிம்மி நிதி மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பிள்ளைகள். சிகிச்சையால் முடி உதிர்ந்த தலை. அந்த முகத்திலும் ஒரு சிரிப்பு. சைக்கிள் குழுக்கள் பலவற்றுக்குத் தலா ஒரு பிள்ளையை உறவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர், பெற்றோருடன் அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்கே வந்து காத்திருக்கிறார்கள். "நமக்காக மிதிப்பவர் வருவார்" என்று வழி பார்த்து நிற்கிறார்கள்.

மைல் கணக்கு அங்கே மறந்துபோகும். கால் வலியும் மறந்துபோகும். பெரிய மனிதர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண் கலங்குவார்கள்.

சைக்கிளில் வருபவர்களிலும் நோயை வென்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் இன்று 190 மைல் மிதிக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால், நோயுற்ற பிள்ளையின் தாய்க்கு எந்த டாக்டரும் சொல்ல முடியாத ஆறுதல் கிடைக்கிறது.

எதிர்க்காற்று

முதல் நாள் ஏறக்குறைய 110 மைல் முடிந்ததும், போர்ன் என்ற ஊரில் உள்ள கடற்படிப்புக் கல்லூரியில் தங்குகிறார்கள். மாணவர் விடுதியில் சிலர் படுக்கிறார்கள். கூடாரத்தில் சிலர் படுக்கிறார்கள்.

மறுநாள் இருட்டிலேயே எழுந்து, ஒரு பெரிய கால்வாய்ப் பாலத்தைக் கடந்து, கேப் காட் என்ற நிலப்பகுதிக்குள் நுழைகிறார்கள். அது மடக்கிய கைபோலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. பாலம் தோள் என்றால், பிராவின்ஸ்டவுன் விரல் நுனி. இடையில் 80 மைல்.

வழியில் புரூஸ்டர் என்ற ஊர். அங்கே சிறுவர் கோடை முகாம் ஒன்று இருந்தது. உயரமான வேலிச் செடிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தி உற்சாகப்படுத்துவார்கள். பல ஆண்டுகள் பயணிகளுக்கு அதுவே பாதி பலம்! 2020-ம் ஆண்டு அந்த முகாம் மூடப்பட்டது. ஆனால் அந்த இரைச்சலைப் பழைய பயணிகள் மறக்கவில்லை.

கடைசிப் பகுதியில் மணல் குன்றுகள். கடற்காற்று சில ஆண்டுகளில் முகத்தில் அறையும். எதிர்க்காற்றில் மிதித்தால் பத்து அடியும் நூறு அடியாகத் தோன்றும். தூரத்தில் 252 அடி உயரக் கற்கோபுரம் ஒன்று கண்ணில் படுகிறது. அதுதான் பிராவின்ஸ்டவுன்! ஊர் எல்லையில் குடும்பத்தார் காத்திருக்கிறார்கள். சைக்கிளை விட்டு இறங்கியதும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு பலர் சைக்கிளோடு கப்பல் ஏறிப் பாஸ்டன் திரும்புகிறார்கள்.

100 கோடி டாலர்!

பணக் கணக்கைப் பாருங்கள்.

1980-ல் சேர்ந்தது 10 ஆயிரத்து 200 டாலர்.

2024-ல் மட்டும் சேர்ந்தது 7½ கோடி டாலர்!

தொடக்கம் முதல் 2024 வரை சேர்ந்த மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஜிம்மி நிதிக்கு ஆண்டுதோறும் வரும் பணத்தில் பாதிக்கு மேல் இந்தச் சைக்கிள்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பது. பெரியவர்களுடைய புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் இந்தப் பணம் உதவுகிறது.

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. கூட்டம் கூடக் கூடாது. பயணம் நின்றுவிட்டதா? இல்லை! அவரவர் ஊரில், அவரவர் தெருவில் மிதித்தார்கள். அந்த ஆண்டிலும் 5 கோடி டாலர் சேர்ந்தது.

இதில் இன்னொரு நேர்மை உண்டு. சைக்கிள் மிதிப்பவர் வசூலித்துக் கொடுக்கும் பணத்தில் செலவுக்கு என்று ஒரு காசும் எடுப்பதில்லை. அப்படியே முழுவதும் புற்றுநோய்க் கழகத்துக்குப் போகிறது. பந்தல், சாப்பாடு போன்ற செலவுகளைக் கம்பெனிகளின் நன்கொடையிலிருந்தும், பயணிகள் கட்டும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் பார்த்துக்கொள்கிறார்கள். கொடுத்த காசு போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இருந்தால், மக்கள் மறுபடியும் கொடுக்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் இதுபோல் ஒரு பயணம் உண்டு. 2002-ம் ஆண்டு, டென்மார்க் நாட்டில் ரிங்கபி என்ற பழச்சாறுக் கம்பெனியைச் சேர்ந்த 11 பேர், பாரிஸ் நகருக்குச் சைக்கிளில் போய், புகழ்பெற்ற பிரான்சு சைக்கிள் பந்தயத்தின் முடிவைப் பார்க்க விரும்பினார்கள். செலவுக்குத் திரட்டிய பணத்தில் மிச்சம் விழுந்தது. அதை ஓடென்சே நகர ஆஸ்பத்திரியின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். அந்த மிச்சப் பணத்திலிருந்து பெரிய இயக்கமே முளைத்தது. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், மஞ்சள் சட்டை அணிந்து, நோயுற்ற பிள்ளைகளுக்காகப் பாரிசுக்கு மிதிக்கிறார்கள்.

குழந்தையின் பயணம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். சைக்கிள் மிதித்தால் நோய் தீருமா?

மிதிப்பதால் தீராது. மிதிப்பவரை நம்பி ஊரார் கொடுக்கும் பணத்தால் ஆராய்ச்சி நடக்கிறது. ஆராய்ச்சியால் மருந்து வருகிறது. மருந்தால் குழந்தை பிழைக்கிறது.

பலனைக் கேளுங்கள். 1947-ல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைத்ததே இல்லை. இன்று, வசதி படைத்த நாடுகளில், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில், 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள்!

ஒரே ஒரு மருந்தால் இந்த வெற்றி வரவில்லை. பல மருந்துகளைச் சேர்த்து, முறை வைத்துக் கொடுக்கிறார்கள். மாத்திரை உண்டு. ஊசி உண்டு. முதுகுத் தண்டில் போடும் ஊசியும் உண்டு. அதில் சுப்பாராவ் குழுவினரின் மருந்து செல்கிறது. எவ்வளவு காலம்? இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்!

சைக்கிள்காரரின் பயணம் இரண்டு நாள். குழந்தையின் பயணமோ இரண்டு மூன்று ஆண்டுகள். அவர் இறங்கிவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடியும் ஏறலாம். குழந்தை பாதியில் இறங்கிவிட்டால் நோய் திரும்பி வந்துவிடும்.

சில மாத மருந்திலேயே பிள்ளை தேறிவிடுகிறது. முகம் தெளிகிறது. சாப்பிடுகிறது. "குணமாகிவிட்டதே, இனி எதற்கு ஆஸ்பத்திரி?" என்று தோன்றும். கையில் காசும் கரைந்திருக்கும். வேலைக்குப் போகாமல் தகப்பன் எத்தனை நாள் ஆஸ்பத்திரி வாசலில் கிடப்பான்? வீட்டில் மற்றப் பிள்ளைகள் வேறு. அப்படித்தான் சிகிச்சை பாதியில் நிற்கிறது. 1948-ல் பார்பர் கண்டதும் இதே பாடம்தான். நோய் மறைந்ததுபோல் இருக்கும். ஆனால் போயிருக்காது.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதைக் கேளுங்கள். ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடக் குணமடைவதில்லை. மருந்து ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேற்றுமை? நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் முக்கியமான காரணங்கள்.

எனவே, தர்மம் செய்பவர் மருந்துக்கு மட்டும் கொடுத்தால் போதாது. தாயும் பிள்ளையும் ஊரிலிருந்து வர பஸ் கட்டணம் வேண்டும். தங்க இடம் வேண்டும். இரண்டு வேளைச் சோறு வேண்டும். இவை கிடைத்தால்தான் பிள்ளை கடைசி ஊசி வரை வந்து சேரும்.

சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் தொடங்கியதும் மக்கள் கொடுத்த நன்கொடையால்தான். அதைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், சுப்பாராவ் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவரே. புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர்.

பெற்றோர் கவனிக்க

எல்லாக் காய்ச்சலும் புற்றுநோய் அல்ல. பயப்படத் தேவையில்லை. ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் நாள் கடத்தக் கூடாது:

விட்டு விட்டு வரும், காரணம் தெரியாத காய்ச்சல்.

பிள்ளை வெளுத்துப்போவது, விளையாடாமல் சோர்ந்து கிடப்பது.

அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு. பல் ஈறில், மூக்கில் அடிக்கடி ரத்தம்.

நடக்க மாட்டேன் என்று அழும் அளவுக்கு எலும்பு வலி.

கழுத்து, அக்குள், வயிறு ஆகிய இடங்களில் கட்டி.

கண்ணின் கருமணியில் பூனைக் கண்போல வெள்ளை ஒளி.

காலையில் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்து வருவது.

இவற்றில் எது நீடித்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நோய் என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். தொடங்கிய சிகிச்சையை டாக்டர் "போதும்" என்று சொல்லும் வரை விடவேண்டாம். அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளை இப்படிச் சிகிச்சைக்குப் போய் வந்துகொண்டிருந்தால், "நல்லாயிருக்கிறதா?" என்று கேட்டதோடு நிற்காமல், அடுத்த முறை போக பஸ்ஸுக்குப் பணம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

36 பேர் கொண்டுவந்த 10 ஆயிரம் டாலர், 100 கோடி டாலராக வளர்ந்திருக்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது சும்மா சொன்ன பழமொழி அல்ல!